தலை, கழுத்துப் புற்றும் கதிர்வீச்சுத் திட்டமும்: வாசகர் கேள்விகள்

தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை பெறுவோரும் அவர்களுடைய குடும்பத்தினரும் அனுப்பிய கேள்விகளுக்கு இம்மாதம் பதிலளிப்பவர், சிகிச்சைத் திட்டங்களைக் கணினியில் வடிவமைக்கும் மருத்துவ இயற்பியலாளர் ஒருவர். மருந்து, அறுவை ஆகியவை பற்றிய கேள்விகள் வேறோர் இதழுக்கு ஒதுக்கப்பட்டுள்ளன.

கேள்வி: என் தந்தைக்கு வயது 61. அடிநாக்கில் புற்று, கழுத்தின் இரு பக்கமும் நெறி கட்டியிருக்கிறது. 35 நாள் கதிர்வீச்சு வேண்டும் என்பதில் நாங்கள் பார்த்த மூன்று மருத்துவர்களும் ஒத்துப்போகிறார்கள். ஆனால் ஒருவர் 3-டி முறையே போதும் என்கிறார், இன்னொருவர் ஐ.எம்.ஆர்.டி. என்கிறார், மூன்றாமவர் விமேட் என்கிறார். நோய் ஒன்று, அளவு ஒன்று, முறை மட்டும் ஏன் மூன்று?

பதில்: கட்டிக்குச் சேர வேண்டிய அளவு எந்த முறையிலும் ஏறத்தாழ ஒன்றுதான் என்பதை நீங்களே கவனித்துவிட்டீர்கள். கண்ணுக்குத் தெரியும் கட்டிக்கு நாளொன்றுக்கு 2 கிரே (உடல் ஏற்கும் கதிரளவின் அலகு) வீதம், வாரத்துக்கு ஐந்து நாளாக, ஏழு வாரத்தில் 70 கிரே சேரும். அந்த 70 கிரே உள்ளே போகும் வழியில் யார் யார் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு போகிறது என்பதில்தான் மூன்று முறைகளும் பிரிகின்றன.

கழுத்தைக் குறுக்கே வெட்டிய ஒரு சி.டி. படத்தை மனத்தில் கொள்ளுங்கள். நடுவில் பின்புறமாகத் தண்டுவடம் இருக்கிறது. அடிநாக்குக் கட்டியையும் இரு பக்க நெறிகளையும் ஒரே கோட்டில் சுற்றி வரைந்தால், அந்த உருவம் தண்டுவடத்தை மூன்று பக்கம் அணைத்துக்கொண்ட குதிரை லாடம் போல் அமைகிறது. லாடத்தின் இரு முனைகளுக்கும் சற்று மேலே, காதுக்கு முன்னும் கீழுமாக, பரோடிட் என்னும் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் பக்கத்துக்கு ஒன்றாக உள்ளன. லாடத்துக்கு முழு அளவும் சேர வேண்டும். அதன் உள்வளைவில் இருக்கும் தண்டுவடம் 45 கிரேயைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு கதிர்க்கற்றையும் நேர்கோட்டில்தான் செல்லும் என்பதால், எங்கள் தொல்லை முழுவதும் அந்த வளைவில்தான் இருக்கிறது.

3-டி முறையில், ஒரு திசையிலிருந்து பார்த்தால் கட்டி எந்த உருவில் தெரிகிறதோ அந்த உருவில் கற்றை கத்தரிக்கப்படுகிறது. ஆனால் கற்றையின் ஓர் ஓரம் தொடங்கி மறு ஓரம் வரை அதன் செறிவு ஒன்றே. இரு பக்கத்திலிருந்தும் எதிரெதிராகக் கற்றைகளைச் செலுத்தி, தண்டுவடத்தின் வரம்பு நெருங்கியதும் அவற்றைச் சுருக்கி, விடுபட்ட பின்கழுத்துக்கு ஆழம் போகாத எலெக்ட்ரான் கற்றையால் ஈடுசெய்வது நெடுங்காலம் எங்கள் வழக்கமாக இருந்தது. தண்டுவடம் இதில் தப்பிவிடும். இரண்டு பரோடிட் சுரப்பிகளும் தப்பமாட்டா.

ஐ.எம்.ஆர்.டி. முறையில் ஏழு அல்லது ஒன்பது திசைகளிலிருந்து வரும் ஒவ்வொரு கற்றையும் நூற்றுக்கணக்கான நுண்கற்றைகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் தனிச் செறிவு கொடுக்கப்படுகிறது. இயந்திரத்தின் தலைப்பகுதியில் எதிரெதிராக அடுக்கப்பட்டிருக்கும் டங்ஸ்டன் தகடுகள் முன்னும் பின்னும் நகர்ந்து இதைச் செய்கின்றன. இதனால் திட்டமிடும் வேலையே தலைகீழாகிவிட்டது. முன்பு நாங்கள் கற்றைகளை வைத்துவிட்டு, அளவு எங்கே எவ்வளவு விழுகிறது என்று பார்ப்போம். இப்போது எங்கே எவ்வளவு விழ வேண்டும் என்று சொல்லிவிட்டு, அதற்கான கற்றைகளைக் கணினியைத் தேடச் சொல்கிறோம். சுவீடனைச் சேர்ந்த ஆண்டர்ஸ் பிராமே 1980-களில் எழுதிய கட்டுரைகளில் இந்தச் சிந்தனை வேர்விட்டது. கணினிகளும் தகடுகளும் அதற்கு ஈடுகொடுக்கும் நிலைக்கு வர மேலும் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

விமேட் என்பது ஐ.எம்.ஆர்.டி.க்கு அடுத்த படி என்று பலரும் நினைக்கிறார்கள். அது ஐ.எம்.ஆர்.டி.யின் ஒரு வகையே. கற்றை நின்று நின்று பாய்வதற்குப் பதிலாக, இயந்திரம் உங்களைச் சுற்றி வந்துகொண்டே இருக்கும்போது தகடுகளின் நிலை, சுழலும் வேகம், கதிர் வெளிப்படும் வேகம் ஆகிய மூன்றும் ஒருசேர மாறிக்கொண்டிருக்கும். கார்ல் ஓட்டோ 2008-இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு இது மருத்துவமனைகளுக்குள் பரவியது.

இனி உங்கள் தந்தைக்கு வருகிறேன். 3-டி முறைக்கும் ஐ.எம்.ஆர்.டி.க்கும் இடையே உள்ள வேறுபாடு நோயாளியின் நாவிலேயே தெரியக்கூடியது. பிரிட்டனில் தொண்டைப் புற்று நோயாளிகள் 94 பேரை இரு குழுக்களாகப் பிரித்து நடத்தி, 2011-இல் முடிவு வெளியான பார்ஸ்போர்ட் ஆய்வில், ஓராண்டு கழித்து குறிப்பிடத்தக்க வாய் உலர்வு பழைய முறையினரில் 74 சதவீதத்தினருக்கும் ஐ.எம்.ஆர்.டி. பெற்றவர்களில் 38 சதவீதத்தினருக்கும் இருந்தது; இரண்டாம் ஆண்டு முடிவில் அது முறையே 83, 29 என ஆனது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 60 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2012-இல் வெளியான ஒப்பீட்டிலும், சிகிச்சைக் காலத்து உமிழ்நீர்ச் சுரப்பிப் பாதிப்பு 3-டி குழுவில் 89 சதவீதமாகவும் ஐ.எம்.ஆர்.டி. குழுவில் 59 சதவீதமாகவும் இருந்தது. உயிர் பிழைப்பதிலோ கட்டி கட்டுப்படுவதிலோ இவ்விரு ஆய்வுகளும் பெரிய வேறுபாடு எதையும் காட்டவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆகவே இரு பக்கமும் நெறி கட்டிய அடிநாக்குப் புற்றுக்கு ஐ.எம்.ஆர்.டி. அல்லது விமேட் கிடைக்கும் நிலையில் நான் 3-டி முறையைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். பின்னிரண்டில் எது என்பதை அந்த மருத்துவமனையின் கைப்பழக்கத்துக்கே விட்டுவிடலாம். குரல்நாணில் மட்டும் அரும்பிய தொடக்கநிலைப் புற்று என்றால் என் பதில் வேறாக இருந்திருக்கும். அங்கே நெறிகளுக்குக் கதிர் தேவையில்லை, பரோடிட் சுரப்பிகள் எட்டாத் தூரத்தில் இருக்கின்றன. ஐந்தாறு சென்டிமீட்டர் அளவுள்ள இரண்டு எளிய பக்கக் கற்றைகள் தம் வேலையை நன்றாகவே செய்து முடிக்கும்.

கேள்வி: என் மனைவியின் சிகிச்சை தொடங்கும் முன் மருத்துவர் கணினித் திரையில் இரண்டு திட்டங்களைக் காட்டி, 'இதைவிட இது நல்லது' என்றார். வண்ண வண்ணக் கோடுகளும் ஒரு வரைபடமும் தெரிந்தன. தலையாட்டிவிட்டு வந்தேன், ஒன்றும் விளங்கவில்லை. நீங்கள் எதைப் பார்த்து நல்லது, கெட்டது என்கிறீர்கள்?

பதில்: நீங்கள் கண்ட வரைபடம், அளவு-பருமன் வரைபடம். அதன் கிடைக்கோட்டில் கிரே அளவு இருக்கும். நிலைக்கோட்டில் அந்த உறுப்பின் எத்தனை சதவீதம் அந்த அளவையோ அதற்கு மேலோ பெறுகிறது என்பது இருக்கும். கட்டிக்கான கோடு மேசை விளிம்பு போல் 70 கிரே வரை மட்டமாகப் போய், அங்கே செங்குத்தாக விழ வேண்டும். காக்கப்பட வேண்டிய உறுப்பின் கோடோ, இடப்பக்க மூலையைக் கட்டிக்கொண்டு எவ்வளவு விரைவில் கீழே இறங்குகிறதோ அவ்வளவுக்கு நல்லது. இரண்டு திட்டங்களையும் ஒரே படத்தில், ஒன்றை முழுக்கோடாகவும் மற்றதைப் புள்ளிக்கோடாகவும் போட்டுப் பார்ப்போம்.

பார்ப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் என் கண் போவது தண்டுவடத்துக்கும் மூளைத்தண்டுக்கும்தான். தண்டுவடத்தின் உச்ச அளவு 45 கிரேயையும் மூளைத்தண்டின் உச்ச அளவு 54 கிரேயையும் மீறினால், மற்றவை எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தத் திட்டம் திரும்பப் போகும். அடுத்ததாகக் கட்டிக்கு வருவேன்: கட்டியையும் அதைச் சுற்றி 3 முதல் 5 மில்லிமீட்டர் வரை விடப்படும் பாதுகாப்பு ஓரத்தையும் சேர்த்த பருமனில் 95 சதவீதத்துக்காவது குறித்த அளவு சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகே பரோடிட் வரும். உலக அளவில் திரட்டப்பட்ட தரவுகளைக் கொண்டு 2010-இல் வெளியான பரிந்துரைகளின்படி, ஒரு பரோடிட் சுரப்பியின் சராசரி அளவு 20 கிரேக்குக் கீழோ, இரண்டின் சராசரியும் 25 கிரேக்குக் கீழோ இருந்தால் கடும் வாய் உலர்வைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். அதற்கும் பிறகு விழுங்கு தசைகள், குரல்வளை, கீழ்த்தாடை, உட்காது என்று பட்டியல் நீளும். எல்லாவற்றையும் ஒருசேரக் காப்பாற்ற முடியாது. ஒன்றை இழுத்தால் இன்னொன்று அவிழும். குட்டையான போர்வையைத் தலைக்கு இழுத்தால் கால் வெளியே தெரிவது போலத்தான்.

இவ்வளவு சொன்னபின், இந்த வரைபடத்தின் மீது எனக்குள்ள குறையையும் சொல்லிவிடுகிறேன். அது எவ்வளவு என்று சொல்லும். எங்கே என்று சொல்லாது. கட்டியின் 3 சதவீதப் பகுதிக்கு அளவு குறைந்திருக்கிறது என்று வரைபடம் காட்டினால், அந்த 3 சதவீதம் தோலை ஒட்டிய விளிம்பில் இருக்கலாம், கட்டியின் நட்டநடுவிலும் இருக்கலாம். முன்னதை மருத்துவர் மன்னிப்பார். பின்னதை மன்னிக்கவே கூடாது. குறித்த அளவில் 107 சதவீதம், 110 சதவீதம் என்று மிஞ்சிய திட்டுகளுக்கும் இதே கதைதான்: அது கட்டிக்குள் விழுந்தால் கேடு குறைவு, தாடை எலும்பின் மேல் விழுந்தால் பின்னாளில் எலும்பு செத்துப்போவதற்கு இடம் கொடுக்கிறது. ஆகவே வரைபடத்தை மூடிவிட்டு, மண்டையின் அடிப்பகுதியில் தொடங்கிக் காறை எலும்பு வரை, 3 மில்லிமீட்டருக்கு ஒரு படமாக, ஒரே அளவு விழும் இடங்களை இணைக்கும் அந்த வண்ணக் கோடுகளை ஒவ்வொன்றாக உருட்டிப் பார்க்க வேண்டும். அறுபது, எழுபது படங்களாவது இருக்கும். ஒருமுறை, எல்லா எண்களும் தேறிய ஒரு திட்டத்தில், 45 கிரே கோட்டின் ஒரு மெல்லிய நாக்கு எவருமே வரைந்திராத பின்கழுத்துத் தசைக்குள் நீண்டு கிடந்ததை ஏறத்தாழ அறுபதாவது படத்தில்தான் கண்டேன். வரைந்து காட்டாத உறுப்பைக் கணினி ஒருபோதும் காப்பாற்றாது.

கேள்வி: எனக்கு விமேட் முறையில் சிகிச்சை நடக்கிறது, நான்கே நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. எனக்கு அடுத்து வருபவர் ஐ.எம்.ஆர்.டி. பெறுகிறார், கால்மணி நேரம் உள்ளே இருக்கிறார். எனக்குக் குறைவாகக் கொடுக்கிறார்களோ என்று அச்சமாக இருக்கிறது.

பதில்: அச்சம் வேண்டாம். நின்று நின்று பாயும் முறையில் திசைக்குத் திசை இயந்திரம் நகர்வதற்கும் நிற்பதற்கும் நேரம் போகிறது; உங்களுக்கு இரண்டு சுற்றுகளில் அதே அளவு சேர்ந்துவிடுகிறது. நேரம் குறைவது ஒரு வசதி மட்டுமன்று. தலையை அசையாமல் பிடித்துவைக்கும் முகமூடிக்குள் எச்சில் விழுங்க முடியாமல் கிடக்கும் ஒருவர் பத்தாவது நிமிடத்தில் அசைவதற்குள்ள வாய்ப்பு, மூன்றாவது நிமிடத்தில் இல்லை.

கேள்வி: ஐ.எம்.ஆர்.டி. எடுத்தால் உமிழ்நீர் வறளாது என்று நம்பித்தான் ஒப்புக்கொண்டேன். சிகிச்சை முடிந்து மூன்று மாதமாகிறது. இரவில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு விழித்துவிடுகிறேன். திட்டம் சரியில்லையா?

பதில்: இரவில் விழிக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் ஒரு துப்பு இருக்கிறது. உண்ணும்போது பெருகும் உமிழ்நீரின் பெரும்பகுதி பரோடிட் சுரப்பிகளிலிருந்து வருகிறது. சும்மா இருக்கும்போதும் உறங்கும்போதும் வாயை ஈரமாக வைத்திருப்பவை முக்கியமாகத் தாடைக்கு அடியில் உள்ள சுரப்பிகளும் வாயின் உட்தோலில் விரவிக் கிடக்கும் நுண்சுரப்பிகளும். பரோடிட் காக்கப்பட்டுத் தாடையடிச் சுரப்பி காக்கப்படாத திட்டத்தில் பகலில் உணவு ஓரளவு இறங்கும், இரவில் வாய் காயும். தாடையடிச் சுரப்பி, நெறிகள் வழக்கமாகப் பரவும் இடத்தோடு தோளோடு தோள் உரசிக்கொண்டு இருப்பதால், அந்தப் பக்கம் நெறி கட்டியிருந்தால் அதைக் காக்க முயல்வது புற்றுக்கு ஒளிய இடம் கொடுப்பதாகும். எனவே உங்கள் திட்டத்தில் குறை இருந்தது என்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது.

உமிழ்நீர் திரும்பும் வேகமும் மெதுவானது. காக்கப்பட்ட சுரப்பிகள் ஓராண்டு, ஈராண்டு வரைகூட மெல்ல மெல்லத் தேறுகின்றன. மூன்றாம் மாதத்து வாயை வைத்து இரண்டாம் ஆண்டைக் கணிக்க வேண்டாம். ஆனால் பல் மருத்துவர் சொல்லும் ஃபுளூரைடுப் பராமரிப்பை ஒரு நாளும் விடாதீர்கள். உமிழ்நீர் குறைந்த வாயில் பல் சொத்தை ஓட்டமாக ஓடும்.

உங்கள் ஏமாற்றத்தில் எங்களுக்கும் பங்குண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். வாய் உலர்வு ஒன்றையே பேசிப் பேசி, விழுங்குவதைப் பற்றி நாங்கள் நெடுநாள் வாய் திறக்கவில்லை. 112 பேரைக் கொண்டு பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்து 2023-இல் வெளியான டார்ஸ் ஆய்வில், இருவேறு இயந்திரங்கள் ஒப்பிடப்படவில்லை. இரு குழுவுக்கும் ஐ.எம்.ஆர்.டி.தான். ஒரு குழுவின் திட்டத்தில் மட்டும் தொண்டையின் விழுங்கு தசைகளை வரைந்து, அவற்றுக்கு அளவைக் குறைக்கும்படி கணினிக்குக் கட்டளை கொடுத்தார்கள். ஓராண்டு கழித்து, நோயாளிகளே தங்கள் விழுங்கும் நிலைக்குக் கொடுத்த மதிப்பெண் (கூடினால் நல்லது) அந்தக் குழுவில் சராசரி 77.7 ஆகவும் மற்றக் குழுவில் 70.6 ஆகவும் இருந்தது. முறையின் பெயரைக் காட்டிலும், எதைக் காக்கும்படி கேட்டார்கள் என்பதே இங்கே வேலை செய்திருக்கிறது. என் தொழிலில் இதைவிடத் தெளிவான பாடத்தை நான் படித்ததில்லை.

கேள்வி: நான்காவது வாரம், என் கணவர் ஏழு கிலோ இளைத்துவிட்டதால் மறுபடியும் சி.டி. எடுத்து, புது முகமூடி செய்து, புதுத் திட்டம் போட்டார்கள். முதல் திட்டத்தில் பிழை நேர்ந்துவிட்டதா? அப்படியில்லை என்றால் ஏன் வாராவாரம் புதிதாகப் போடுவதில்லை?

பதில்: பிழை இல்லை. முகமூடி என்பது, வெந்நீர்த் தொட்டியில் ஏறத்தாழ 70 டிகிரியில் இளகிய பிளாஸ்டிக் வலையை முகத்தின் மேல் இழுத்துப் படியவைத்து, ஆறி இறுகும் வரை மூக்கின் பாலத்திலும் தாடையிலும் விரலால் அழுத்திச் செய்வது. அன்றைய முகத்துக்குத்தான் அது அச்சு. கன்னம் ஒட்டி, முகமூடிக்கும் தோலுக்கும் இடையே ஒரு விரல் நுழையத் தொடங்கினால் தலை உள்ளே திரும்ப இடம் கிடைத்துவிடுகிறது. கட்டி கரைவதும் கழுத்து மெலிவதும் மட்டுமின்றி, பரோடிட் சுரப்பியும் சுருங்கி நடுப்பக்கமாக, அதாவது அளவு மிகுந்த இடத்தை நோக்கியே நகர்கிறது. இரண்டு மில்லிமீட்டர் துல்லியத்தோடு வரைந்த திட்டம் அதற்குள் பழைய சட்டையாகிவிடும்.

வாராவாரம் மாற்றினால் இன்னும் நல்லதுதானே என்பது எவருக்கும் தோன்றுவதே, எனக்கும் தோன்றியிருந்தது. பிரான்சில் 132 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், வாரந்தோறும் திட்டத்தைப் புதுப்பித்தவர்களுக்கும் ஒரே திட்டத்தில் போனவர்களுக்கும் உமிழ்நீர் அளவில் வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே எல்லோருக்கும் அட்டவணை போட்டு மாற்றுவதைவிட, உங்கள் கணவரைப் போல் உடல் கண்கூடாக மாறியவர்களுக்கு மாற்றுவதே இன்றைய அறிவுக்குப் பொருந்துகிறது. உங்கள் மருத்துவக் குழு தினசரிப் படங்களைக் கவனித்துப் பார்க்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: புரோட்டான், டோமோதெரபி போன்ற நவீன இயந்திரங்கள் உள்ள இடத்துக்கு அம்மாவை அழைத்துச் செல்லும்படி உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். இதற்காக மூன்று வாரம் காத்திருக்கலாமா?

பதில்: டோமோதெரபியும் ஐ.எம்.ஆர்.டி. குடும்பத்தைச் சேர்ந்ததே, சி.டி. கருவியைப் போன்ற வளையத்துக்குள் நோயாளி மெல்ல நகர, கற்றை சுருள் சுருளாகச் சுற்றி வரும். புரோட்டான் மெய்யாகவே வேறு சாதி. எக்ஸ் கதிர் உடலைத் துளைத்து மறுபக்கம் வெளியேறும். புரோட்டான் குறித்த ஆழத்தில் தன் ஆற்றலைக் கொட்டிவிட்டு அங்கேயே நின்றுவிடும். மூக்கின் பின்புறம், மண்டையடி, கண்ணை ஒட்டிய இடம் ஆகியவற்றிலும், முன்பே கதிர் பெற்ற இடத்துக்கு மறுபடியும் கதிர் தேவைப்படும்போதும் இதன் பயன் கணிசமானது. ஆனால் எங்கே நிற்கும் என்பது வழியில் உள்ள திசுவின் தடிமனையும் அடர்த்தியையும் பொறுத்தது என்பதால், எடை குறைவதும் பல்லில் உள்ள உலோக அடைப்பும் புரோட்டான் திட்டத்தை எக்ஸ் கதிர்த் திட்டத்தைவிடக் கூடுதலாகக் கலைக்கும்.

காத்திருப்பதைப் பற்றி: தலை, கழுத்துப் புற்று காத்திருக்கும் நோயன்று. தகுந்த மருத்துவக் காரணம் இல்லாமல், இயந்திரத்தின் பெயருக்காக மட்டும் மூன்று வாரத்தை இழக்க வேண்டாம். அதைவிட, திட்டத்தை எத்தனை பேர் சரிபார்க்கிறார்கள் என்று கேளுங்கள். ஆஸ்திரேலியக் குழுவினர் முன்னின்று பல நாடுகளில் நடத்திய ஒரு மருந்தாய்வில், நோயாளிகளின் கதிர்வீச்சுத் திட்டங்களையும் பின்னர் எடுத்து ஆராய்ந்து 2010-இல் வெளியிட்டார்கள். பெருங்குறை இருந்த திட்டங்களால் சிகிச்சை பெற்றவர்களில் இரண்டு ஆண்டு கடந்து உயிரோடிருந்தவர்கள் 50 சதவீதம். தொடக்கம் முதலே விதிப்படி அமைந்த திட்டங்களைப் பெற்றவர்களில் 70 சதவீதம். அந்த ஆய்வில் சோதிக்கப்பட்ட மருந்து பயன் தரவில்லை. திட்டத்தின் தரம் தந்த வேறுபாட்டுக்கு ஈடாக எந்த இயந்திரமும் இந்த நோயில் இதுவரை எதையும் காட்டியதாக நான் அறியேன். கட்டியின் எல்லையை வரைந்த மருத்துவரின் கோட்டை இன்னொரு மருத்துவர் பார்க்கிறாரா, முதல் நாளுக்கு முன் அந்தத் திட்டத்தை நோயாளி இல்லாமல் இயந்திரத்தில் ஓட்டி அளந்து பார்க்கிறார்களா என்ற இரண்டு கேள்விகளுக்கும் 'ஆம்' என்று வந்தால், அம்மாவை அங்கேயே சேர்த்துவிடலாம்.

கேள்வி: சிகிச்சை முடிந்தபின் திட்டத்தின் நகலை நாங்கள் கேட்டு வாங்கலாமா? அதனால் என்ன பயன்?

பதில்: கேட்டு வாங்குங்கள். சி.டி. படங்கள், வரையப்பட்ட உறுப்புகள், கற்றைகள், அளவு ஆகிய நான்கு கோப்புகளும் டைக்காம் என்னும், மருத்துவப் படங்களுக்கான பொதுக் கணினி வடிவில் சேர்ந்து இருக்க வேண்டும். வண்ணப் படம் அச்சிட்ட தாள் மட்டும் போதாது. மீண்டும் கதிர் தேவைப்பட்டால், தண்டுவடம் முன்பே எவ்வளவு வாங்கியிருக்கிறது என்பது தெரியாமல் எந்த இயற்பியலாளரும் கணக்கைத் தொடங்க முடியாது. அதைவிட அடிக்கடி நேர்வது வேறு: ஐந்தாறு ஆண்டு கழித்து ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டி வரும், அந்தப் பல்லின் வேர் நிற்கும் தாடை எலும்பு 30 கிரே வாங்கியதா 65 கிரே வாங்கியதா என்று பல் மருத்துவர் கேட்பார். அன்றைக்கு அந்த நகல் வீட்டில் இருக்க வேண்டும்.